புது மதர்போர்டு வாங்கியாச்சா? பவர் பட்டனை அழுத்தும் முன்பும் பின்பும் கவனிக்க வேண்டியவை!

விண்டோஸ் 10-க்கு வழங்கிவந்த வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் டிபிஎம் 2.0 வேண்டும், செக்யூர் பூட் வசதி வேண்டும், பிராசஸர் அவர்களின் பட்டியலில் இருக்க வேண்டும் என ஏகப்பட்ட நிபந்தனைகள். பழைய டெஸ்க்டாப் வைத்திருக்கும் பலருக்கும் இதனால் மிஞ்சுவது ஒரே வழிதான். கேபினெட், மானிட்டர், டிஸ்க் எல்லாம் அப்படியே இருக்கட்டும். மதர்போர்டு, பிராசஸர், ரேம் மூன்றையும் மாற்றிவிடுவது.

கடையில் கொடுத்தால் அசெம்பிள் செய்து தந்துவிடுவார்கள்தான். ஆனாலும், 'நாமே மாட்டிப் பார்த்தா என்ன?' என்ற ஆசை பலருக்கும் வரும். உண்மையில் இது பயப்படும் அளவுக்குக் கஷ்டமான வேலை இல்லை. ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், நல்ல வெளிச்சம், அவசரப்படாத 2 மணி நேரம் இருந்தால் போதும். சிக்கல் என்னவென்றால், வளைந்த பின், கீறல் விழுந்த போர்டு, கருகிய பாகம் போன்றவற்றுக்குப் பொதுவாக வாரன்ட்டி கிடைக்காது. ஒரு விநாடி கவனக்குறைவில் பல ஆயிரம் ரூபாய் காலி!

மதர்போர்டுக்கு இரண்டு கட்டங்களில் ஆபத்து வரலாம். ஒன்று, நம் கை அதன்மேல் படும் நேரம். இன்னொன்று, திரையில் படம் வந்து, 'அப்பாடா, முடிஞ்சுது' என்று நாம் மூச்சுவிட்ட பிறகு. முதலாவதில் எல்லோரும் கவனமாக இருக்கிறார்கள். இரண்டாவது கட்டமான பயாஸ் செட்டிங்ஸைப் பலர் திறந்துகூடப் பார்ப்பதில்லை. 2023, 2024 என அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில், எந்தத் தவறும் செய்யாதவர்களின் பிராசஸர்கள்கூடப் பழுதானது இந்த இரண்டாவது கட்டத்தில்தான். அந்தக் கதைக்குப் பிறகு வருவோம். முதலில் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முந்தைய வேலை.

பழைய போர்டைக் கழற்றும் முன்...

உங்கள் விண்டோஸில் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்க்ரிப்ஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். ஆன் ஆகியிருந்தால், டிஸ்க்கைத் திறக்கும் சாவி பெரும்பாலும் பழைய மதர்போர்டு அல்லது பிராசஸரில் உள்ள டிபிஎம்மில் இருக்கும். போர்டை மாற்றியதும் விண்டோஸ் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும். அது கையில் இல்லையென்றால் உள்ளே இருக்கும் போட்டோ, ஆவணம் எதுவும் திரும்பக் கிடைக்காது. அந்தக் கீ பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அதைப் பார்த்து ஒரு பேப்பரில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். முக்கியமானவற்றுக்கு ஒரு பேக்கப்பும் எடுத்துவிடுங்கள்.

அடுத்தது பொருத்தம். பிராசஸரின் சாக்கெட்டும் போர்டின் சாக்கெட்டும் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. உதாரணமாக, இன்டெலின் 12, 13, 14-ம் தலைமுறை பிராசஸர்கள் மூன்றுமே எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் உட்காரும். ஆனால், 12-ம் தலைமுறை வந்தபோது தயாரான போர்டு, பயாஸ் அப்டேட் செய்யப்படாமல் கடையில் கிடந்தால் 14-ம் தலைமுறை பிராசஸரை அதற்கு அடையாளம் தெரியாது. ஏஎம்டியின் பி450 போர்டுகளில் ரைசன் 5000 வரிசையைப் போடுபவர்களுக்கும் இதே கதைதான். போர்டு நிறுவனத்தின் இணையதளத்தில், எந்தப் பிராசஸருக்கு எந்த பயாஸ் பதிப்பு தேவை என்ற பட்டியல் இருக்கும். வாங்கும் முன்பே பார்த்துவிடுவது நல்லது. பிராசஸர் இல்லாமலே பென் டிரைவ் மூலம் பயாஸை ஏற்றும் 'பயாஸ் ஃபிளாஷ்பேக்' பட்டன் சில போர்டுகளின் பின்பக்கம் இருக்கும். அது இருந்தால் நிம்மதி.

ரேமும் அப்படியே. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும், நடுவில் இருக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். உட்காரவில்லை என்றால் அழுத்தாதீர்கள். தப்பான ரேம் என்று அர்த்தம்.

கேபினெட்டைத் தொட்டா சுர்ருனு இருக்கா?

நம் ஊரில் பல வீடுகளில் கேட்கும் புகார் இது. 'பழைய எஸ்எம்பிஎஸ், அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிடுகிறோம். காரணம் பெரும்பாலும் பிளக் பாயின்டில் எர்த் இல்லாததுதான். எஸ்எம்பிஎஸ்-க்குள் மின் இரைச்சலை வடிகட்டுவதற்கென்றே சில கெபாசிட்டர்கள் உள்ளன. அவற்றின் வழியே மிகச் சிறிய அளவில் மின்சாரம் கசிந்து, மூன்றாவது பின் வழியாக எர்த்துக்குப் போக வேண்டும். எர்த் இல்லையென்றால் அதற்குப் போக்கிடம் இல்லை. கேபினெட்டின் உலோகத்தில் மீட்டர் வைத்தால், நம் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி காட்டும்.

கசியும் கரன்ட் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்ற உணர்வோடு போய்விடுகிறது. ஆனால், எஸ்எம்பிஎஸ்-க்குள் இன்சுலேஷன் பழுதானால் அதே கேபினெட்டில் முழு 230 வோல்ட்டும் வரலாம். டிவி, மானிட்டர் போன்றவற்றை ஹெச்டிஎம்ஐ கேபிளால் இணைக்கும்போது போர்ட்டுகள் பாழாவதற்கும் இந்த வோல்ட்டேஜ் வித்தியாசம் காரணமாகலாம். மூன்றாவது பின்னை உடைத்து, டூ பின் அடாப்டரில் சொருகும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். புது போர்டு வாங்கும் காசில் ஒரு சிறு பங்கை எலக்ட்ரீஷியனுக்குக் கொடுத்து, எர்த்தைச் சோதித்துக்கொள்வது லாபம்தான்.

ஸ்டேடிக்: கண்ணுக்குத் தெரியாத ஷாக்

நாற்காலியிலிருந்து எழுந்து கதவுக் கைப்பிடியைத் தொடும்போது சில நேரம் 'சுளீர்' என்று ஒரு ஷாக் வருமே, அதுதான் ஸ்டேடிக். மனித உடலால் அதை உணர முடிவதே சுமார் 3,000 வோல்ட் அளவில்தான். ஆனால், நுண்ணிய சிப்புகள் சிலவற்றை வெறும் சில நூறு வோல்ட்டே பாதித்துவிடும். அதாவது, உங்களுக்கு எதுவுமே தெரியாமல் சிப் அடிபடலாம். உடனே சாகாமல், சில மாதம் கழித்து அடிக்கடி ஹேங் ஆகும் போர்டாகவும் மாறலாம். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் ஸ்டேடிக் குறைவு. ஏசி அறையில் காற்று உலர்ந்துவிடுவதால் அது கூடும்.

இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். உங்கள் உடலுக்கும் போர்டுக்கும் இடையே வோல்ட்டேஜ் வித்தியாசம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். பிளக்கைக் கழற்றிவிட்டு, பெயின்ட் இல்லாத கேபினெட் உலோகத்தை அடிக்கடி தொட்டுக்கொள்ளுங்கள். ரிஸ்ட் ஸ்ட்ராப் இருந்தால் அதன் கிளிப்பைக் கேபினெட்டில் மாட்டுங்கள். போர்டை எப்போதும் ஓரத்தைப் பிடித்தே தூக்குங்கள். கார்ப்பெட், மெத்தை, பாலியஸ்டர் விரிப்பு வேண்டாம். போர்டு வந்த அட்டைப்பெட்டிதான் சிறந்த மேஜை. அது சுற்றி வந்த பளபள கவரின் மேல் வைத்து ஆன் செய்யக் கூடாது. அந்தக் கவரே ஓரளவு மின்சாரத்தைக் கடத்தும்.

இன்னொரு விஷயம். கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்தாலும் போர்டில் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடித்தால் மிச்சமிருப்பதும் வடிந்துவிடும். போர்டில் எரியும் சின்ன லைட் அணைந்த பிறகே ரேமைத் தொடுங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் திறக்க வேண்டாம். அதனுள் இருக்கும் கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும்.

சாக்கெட் மூடியைத் தூக்கிப் போடாதீங்க

இன்டெலின் எல்ஜிஏ 1700, ஏஎம்டியின் ஏஎம்5 போன்ற சாக்கெட்டுகளில் பின்கள் பிராசஸரில் இல்லை, போர்டில் இருக்கின்றன. ஏஎம்5 சாக்கெட்டில் மட்டும் 1,718 பின்கள். மிகவும் மெல்லியவை. விரல் லேசாகப் பட்டாலும், துணி நூல் சிக்கினாலும் வளைந்துவிடும்.

அதனால்தான் சாக்கெட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கிறது. அதை முன்கூட்டியே கழற்ற வேண்டாம். லீவரைத் தூக்கி, பிராசஸரின் மூலையில் உள்ள முக்கோணக் குறியைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தி, நேராக மேலிருந்து வையுங்கள். அழுத்தவே கூடாது, தானாக உட்கார வேண்டும். பிறகு லீவரை இறக்கும்போது மூடி தானாகத் தெறித்து வெளியே வரும். லீவருக்குக் கொஞ்சம் பலம் தேவைப்படும், 'கிரீச்' என்று சத்தமும் வரலாம். அது சாதாரணம்தான். அந்த மூடியைப் பத்திரமாக எடுத்துவையுங்கள். போர்டை வாரன்ட்டிக்கு அனுப்பும்போது மூடி இருக்க வேண்டும் என்று பல நிறுவனங்கள் கேட்கின்றன.

பழைய ஏஎம்4 பிராசஸர்களில் பின்கள் பிராசஸரின் அடியில் இருக்கும். அதில் ஆபத்து கூலரைக் கழற்றும்போதுதான். காய்ந்த பேஸ்ட் ஒட்டிக்கொண்டு, கூலரோடு பிராசஸரும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, ஆஃப் செய்து பிளக்கைக் கழற்றிய பிறகு கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகி எடுக்க வேண்டும்.

புதுக் கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஸ்டிக்கரை உரிக்க மறப்பவர்கள் இன்றும் உண்டு. உரித்துவிட்டு, பட்டாணி அளவு தெர்மல் பேஸ்ட் வைத்து, ஸ்க்ரூக்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். கூலர் ஃபேன் கேபிள், 'சிபியு ஃபேன்' என்று எழுதிய இடத்துக்குத்தான் போக வேண்டும்.

4 ரேம் ஸ்லாட் இருந்து 2 ரேம் மட்டும் போடுகிறீர்கள் என்றால், பெரும்பாலான போர்டுகளில் பிராசஸர் பக்கமிருந்து எண்ணி 2-வது, 4-வது ஸ்லாட்டில் போட வேண்டும். மேனுவலில் படத்தோடு இருக்கும்.

கேபினெட்டுக்குள் போகும் முன் ஒரு டெஸ்ட்

பிராசஸர், கூலர், ரேம் மாட்டியதும் போர்டை அந்த அட்டைப்பெட்டி மேலேயே வைத்து ஒருமுறை ஆன் செய்து பாருங்கள். 24 பின் கேபிள், பிராசஸருக்கான 8 பின் கேபிள் இரண்டையும் சொருகி, பவர் ஸ்விட்ச் என்று குறித்த 2 பின்களை ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு விநாடி தொட்டால் போதும், ஆன் ஆகிவிடும். எந்தப் பின் என்று மேனுவலில் உறுதி செய்த பிறகே தொடுங்கள். பெயரின் முடிவில் 'எஃப்' இருக்கும் இன்டெல் பிராசஸர்களில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. அவற்றுக்குக் கிராபிக்ஸ் கார்டு மாட்டினால்தான் படம் வரும்.

இங்கே வேலை செய்த போர்டு கேபினெட்டுக்குள் போனதும் ஆன் ஆகவில்லை என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது ஸ்டாண்ட்-ஆஃப்களை. போர்டைக் கேபினெட் தகட்டிலிருந்து விலக்கி நிறுத்தும் பித்தளைக் கால்கள் இவை. போர்டில் ஓட்டை இருக்கும் இடத்தில் மட்டும்தான் இருக்க வேண்டும். பழைய போர்டுக்காகப் போட்டிருந்த ஒரு கால் அப்படியே கிடந்து, புது போர்டின் அடியில் முட்டினால் ஷார்ட் சர்க்யூட்தான். எண்ணிப் பார்த்து, கூடுதலாக இருப்பதைக் கழற்றிவிடுங்கள்.

கேபிளில் கவனிக்க வேண்டியது இரண்டு. பிராசஸருக்கான 8 பின் கேபிள் 4+4 ஆகப் பிரியும். கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின் 6+2 ஆகப் பிரியும். இரண்டும் ஒன்றல்ல. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை அழுத்திச் சொருகக் கூடாது. இரண்டாவது, கேபிள்களைத் தனியாகக் கழற்றும் மாடுலர் எஸ்எம்பிஎஸ் என்றால், அதனுடன் வந்த கேபிளை மட்டுமே பயன்படுத்த வேண்டும். போர்டு பக்கம் பின் வரிசைக்குத் தரநிலை உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்கம் கிடையாது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் வேறு நிறுவனத்தின் கேபிள், 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட்டை அனுப்பிவிடலாம்.

ஆன் ஆச்சு, படம் வரலையா?

பதற வேண்டாம். டிடிஆர்5 ரேம் போட்ட போர்டுகள் முதல்முறை ஆன் ஆகும்போது ரேமைச் சோதித்துப் பழகிக்கொள்ளும். 'மெமரி டிரெயினிங்' எனப்படும் இதற்குச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். பொறுமையில்லாமல் ஆஃப் செய்தால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

அதற்கும் பிறகு வரவில்லையென்றால், பல போர்டுகளில் சிபியு, டிரேம், விஜிஏ, பூட் என 4 சின்ன லைட்டுகள் இருக்கும். எது எரிந்தபடி நிற்கிறதோ அங்கேதான் பிரச்சினை. டிரேம் என்றால் ரேமைக் கழற்றி, 'கிளிக்' சத்தம் வரும்வரை மறுபடி அழுத்துங்கள். விஜிஏ என்றால் கார்டையும் அதன் பவர் கேபிளையும் பாருங்கள். எந்த லைட்டும் எரியாமல் திரை மட்டும் கறுப்பாக இருந்தால், மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டுக்குப் பதில் போர்டில் சொருகப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

'ஆட்டோ'ன்னு இருந்தா பாதுகாப்புதானே?

இங்கேதான் அந்த 2023, 2024 கதை. ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசை பிராசஸர்கள், குறிப்பாக எக்ஸ்3டி வகை, சிலருக்குச் சாக்கெட்டோடு சேர்ந்து கருகிப்போனதாக 2023 ஏப்ரலில் புகார்கள் வந்தன. அவர்களில் பலரும் செய்தது, ரேமை அதன் அறிவிக்கப்பட்ட வேகத்தில் ஓட்டும் 'எக்ஸ்போ' செட்டிங்கை ஆன் செய்ததுதான். அதை ஆன் செய்ததும் சில போர்டுகள் பிராசஸரின் எஸ்ஓசி பகுதிக்குத் தேவைக்கு அதிகமான வோல்ட்டேஜைத் தானாகவே ஏற்றின. பிறகு, அந்த வோல்ட்டேஜ் 1.3-ஐத் தாண்டாதபடி ஏஎம்டி கட்டுப்பாடு கொண்டுவந்தது. அது பயாஸ் அப்டேட்டாகத்தான் வந்து சேர்ந்தது.

அடுத்த ஆண்டு இன்டெலின் முறை. 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில் கேம்கள் கிராஷ் ஆவதும், சிஸ்டம் நின்றுபோவதும் பெரிய புகாராக வெடித்தன. பிராசஸர் தேவைக்கு அதிகமான வோல்ட்டேஜைக் கேட்டு வாங்கியது முக்கியக் காரணம். இன்டெலின் பரிந்துரையைத் தாண்டிய மதர்போர்டு பவர் செட்டிங்ஸும் காரணங்களில் ஒன்று என்று அந்நிறுவனம் சொன்னது. சில போர்டுகளில் பிராசஸர் எடுத்துக்கொள்ளும் மின்சாரத்துக்கான வரம்பு 4,096 வாட்ஸ் என்று இருந்தது. அதாவது, வரம்பே இல்லை! 2024 ஆகஸ்ட், செப்டம்பரில் திருத்தங்கள் பயாஸ் அப்டேட்டாக வந்தன. வாரன்ட்டியும் 3 ஆண்டுகளிலிருந்து 5 ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது. ஆனால், ஏற்கெனவே பாதிக்கப்பட்ட பிராசஸரை அப்டேட் குணமாக்காது.

'ஆட்டோ' என்பது போர்டு தயாரிப்பாளர் தேர்ந்தெடுத்த எண். பெஞ்ச்மார்க்கில் போட்டியாளரை முந்துவதற்காக அந்த எண் சற்றுத் தாராளமாகவும் இருக்கலாம். அதனால் படம் வந்ததும் விண்டோஸுக்குத் தாவாமல், பயாஸில் 10 நிமிடம் செலவிடுங்கள்.

* பயாஸ் பதிப்பைப் பார்த்து, நிறுவனத்தின் தளத்தில் புதியது இருந்தால் முதலில் அதை ஏற்றுங்கள். 'பீட்டா' என்று இருப்பதைத் தவிர்க்கலாம்.
* இன்டெல் என்றால் 'இன்டெல் டிஃபால்ட் செட்டிங்ஸ்' தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள்.
* பிராசஸர் வெப்பநிலை நிமிடத்துக்கு நிமிடம் ஏறிக்கொண்டே போனால் கூலர் சரியாக உட்காரவில்லை. உடனே ஆஃப் செய்துவிடுங்கள்.
* எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவைக் கடைசியில் ஆன் செய்யுங்கள். ஆன் செய்யாவிட்டால் ரேம் குறைந்த வேகத்தில் ஓடும், அவ்வளவுதான். ஆன் செய்தபின் மெம்டெஸ்ட்86 போன்ற கருவியால் ஒருமுறை சோதியுங்கள்.
* விண்டோஸ் 11-க்கு டிபிஎம் ஆன் ஆகியிருக்க வேண்டும், செக்யூர் பூட் வசதியும் இருக்க வேண்டும். பழைய டிஸ்க் 'லெகசி' முறையில் இருந்தால் அப்படியே பூட் ஆகாது. பேக்கப் எடுத்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் போடுவதே சிறந்த வழி.

பயாஸ் அப்டேட்: கரன்ட் போனா?

பாதியில் மின்சாரம் நின்றால் போர்டு எழாமல் போகலாம். எனவே யுபிஎஸ் இருந்தால் அதில் இணைத்துச் செய்யுங்கள். இல்லையென்றால் மழை, இடி நேரத்தையும் அறிவிக்கப்பட்ட மின்தடை நாளையும் தவிருங்கள். ஃபைலை நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் எடுத்து, ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவில் போட்டு, பயாஸுக்குள்ளிருந்தே ஏற்றுங்கள். போர்டின் மாடல் பெயரோடு ரிவிஷன் எண்ணும் பொருந்த வேண்டும்.

ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் என்றால், அப்டேட்டுக்கு முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள். ஏஎம்டி போர்டுகளில் அப்டேட்டுக்குப் பிறகு, 'எஃப்டிபிஎம்-ஐ ரீசெட் செய்யவா?' என்று கறுப்புத் திரையில் ஒரு கேள்வி வரலாம். ரெக்கவரி கீ கையில் இல்லாமல் 'ஒய்' பட்டனைத் தட்டிவிடாதீர்கள். அப்டேட் முடிந்ததும் பழைய செட்டிங்ஸ் அழிந்திருக்கும் என்பதால், மேலே சொன்ன பட்டியலை மறுபடி ஒருமுறை சரிபாருங்கள்.

செட்டிங்ஸை மாற்றி எதுவுமே வராமல் போனால், அதற்கும் வழி உண்டு. பிளக்கைக் கழற்றிவிட்டு, போர்டில் இருக்கும் 3 வோல்ட் பட்டன் செல்லைச் சில நிமிடங்கள் வெளியே எடுத்துவைத்து மாட்டினால் பயாஸ் பழைய நிலைக்கு வந்துவிடும். செல்லின் எண் சிஆர்2032. எல்லாக் கடிகாரக் கடையிலும் கிடைக்கும்.

எப்போ நிறுத்தணும்?

கருகிய வாசனை, பின் வளைந்தது கண்ணில் படுவது, கேபினெட்டில் ஷாக், ஆன் செய்தவுடன் ஆஃப் ஆகித் திரும்பத் திரும்ப அதே கதை. இவற்றில் எது வந்தாலும் 'இன்னொரு முறை பார்க்கலாம்' என்று பவர் பட்டனைத் தட்டாமல் பிளக்கைக் கழற்றுங்கள். பின் வளைந்திருந்தால் ஊசியால் நிமிர்த்தப் பார்க்க வேண்டாம். பில், பெட்டி, சாக்கெட் மூடி மூன்றையும் எடுத்துக்கொண்டு வாங்கிய கடைக்கோ, ரிச்சி தெரு போன்ற இடங்களில் இருக்கும் சிப் லெவல் சர்வீஸ் தெரிந்தவரிடமோ போங்கள். வாரன்ட்டி காலம் மீதி இருந்தால், வெளியாரிடம் கொடுக்கும் முன் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரைக் கேட்டுவிடுங்கள். வெளியில் ஒருமுறை சால்டரிங் செய்துவிட்டால் வாரன்ட்டியை அநேகமாக மறந்துவிட வேண்டியதுதான்.